ஒளி இறங்கும் சாவடிகள்

சென்னையிலிருந்து டில்லிக்கு நாம் அனுப்பும் செய்தி கண்ணாடி இழைக்குள் ஒளியாகப் பாய்ந்து செல்கிறதென்பதை இக்காலத்தில் படித்தவர் யாவரும் அறிவர். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 லக்ஷம் கிலோமீட்டர். வழி 2,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இவ்வளவும் மெய்யே. ஆனால் அந்தச் செய்தி வழி நெடுகிலும் ஒளியாகவே செல்கிறதென்று எண்ணுவோமாயின் அது பிழை. வழியிலுள்ள பெரிய சந்திப்புகளில் ஒளி தன் வாகனத்தை விட்டு இறங்கி, மின்சாரமாக உருமாறி, மேல்விலாசம் படிக்கப்பட்டு, வரிசையில் காத்திருந்து, மறுபடி ஒளியாகி, அடுத்த இழையில் ஏறுகிறது. இந்தச் சாவடிகளைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம். ஏனெனில் இன்றைய செய்திப் போக்குவரத்தில் பணமும் அதிகாரமும் குவிந்து கிடப்பது பெரும்பாலும் பாதையிலல்ல, சாவடியிலேதான்.

ஹைகோர்ட்டில் அப்பீல் வழக்கு நடத்திய எவருக்கும் இவ்விஷயம் எளிதில் விளங்கும். ஜில்லாக் கோர்ட்டில் சாக்ஷிக்காரன் தமிழில் சொல்லித் தமிழில் பதிவான வாக்குமூலம், மேல்கோர்ட்டுக்கு வரும்போது இங்கிலீஷாக வேண்டும். தீர்ப்பானபின் அதைக் கக்ஷிக்காரனுக்குச் சொல்ல மறுபடி தமிழாக வேண்டும். பொருள் மாறுவதில்லை, செலவும் தாமதமும் மட்டும் ஏறுகின்றன. மொழிபெயர்ப்புக்குக் கூலி கொடுத்தே தீரவேண்டும். ஒளியை மின்சாரமாகவும் மின்சாரத்தை ஒளியாகவும் பெயர்ப்பதற்குக் கொடுக்கும் கூலியும் அத்தகையதே. அது யந்திரத்தின் விலையாகவும், அது குடிக்கும் மின்சாரமாகவும், அது கக்கும் உஷ்ணத்தைத் தணிக்கும் செலவாகவும் நம் தலையில் விழுகிறது.

இந்தப் பெயர்ப்பு வேலையை ஒழித்துவிட முடியாதா, செய்தியைச் சுமக்கும் ஒளியே அதைப் பகுத்துப் பிரித்து வழிகாட்டும் வேலையையும் செய்யக் கூடாதா என்பது நாற்பது வருஷமாக விஞ்ஞானிகள் கேட்டுவரும் கேள்வி. அதற்குக் கிடைத்த விடைகளில் வெற்றியும் உண்டு, படுதோல்வியும் உண்டு. இரண்டையும் அறியாமல் நம் தேசத்தில் சிலர் "எல்லாம் ஒளிமயம்" என்று பாடுகிறார்கள். வேறு சிலர் "நமக்கெதற்கு இந்த வேலை" என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். இருசாராரும் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம்.

1966-ம் வருஷத்தில் இங்கிலாந்திலிருந்த ஸ்டாண்டர்ட் டெலிகம்யூனிகேஷன் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த சார்லஸ் காவ் என்னும் சீனரும், ஹாக்கம் என்னும் அவருடைய சகாவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணாடியில் கலந்திருக்கும் அசுத்தங்களை நீக்கிவிட்டால், ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூறில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சுமாறு இழை செய்யலாம், அவ்வளவு மிஞ்சினாலே செய்திப் போக்குவரத்துக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. அன்று பலர் சிரித்தனர். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியைச் சேர்ந்த மௌரர், கெக், ஷூல்ட்ஸ் என்ற மூவரும் அதைச் செய்தே காட்டினார்கள். இன்றைய இழையில் நூறில் ஒரு பங்கு மிஞ்சுவது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அன்று, நூறு கிலோமீட்டருக்கு அப்பால். காவுக்கு 2009-ல் நோபெல் பரிசு கிடைத்தது. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்து, 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து இழைக்கற்றை வழியே உருவங்களை அனுப்பிக் காட்டிய நரிந்தர் சிங் கபானிக்கு அது கிட்டவில்லை. இதைச் சொல்லிப் புலம்புவோர் நம்மிடையே அநேகர். புலம்பலால் ஓர் இழையும் நீளப்போவதில்லை யாதலால் மேலே செல்கிறோம்.

1988-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் முதல் ஒளியிழைக் கேபிள் போடப்பட்டது. ஒரே சமயத்தில் நாற்பதாயிரம் டெலிபோன் பேச்சுக்களைச் சுமக்கத்தக்கது என்று அதைப் புகழ்ந்தார்கள். ஆயினும் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை, கடலாழத்திலேயே, தேய்ந்துபோன ஒளியை மின்சாரமாக்கி, சுத்தம் செய்து, புதிதாக ஒளியேற்றி அனுப்பும் பெட்டிகள் அதில் இருந்தன. சாவடி கடலுக்குள்ளும் இருந்தது! அதை ஒழித்தது எர்பியம் என்ற அபூர்வ உலோகம். கண்ணாடி இழையில் அந்த உலோகத்தை அணுவளவாகக் கலந்து, பக்கத்திலிருந்து ஒரு லேஸர் ஒளியை ஊட்டினால், அவ்வழியே செல்லும் நலிந்த ஒளி மின்சாரமாக மாறாமலே வலுப்பெற்றுவிடுகிறது. 1987-ல் ஸௌதாம்ப்டன் சர்வகலாசாலையில் டேவிட் பேய்ன் கூட்டத்தாரும், அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டெஸுர்வீர் முதலானோரும் இதைக் கண்டார்கள். 1990-களின் நடுவில் சமுத்திரக் கேபிள்களில் அது ஏறிவிட்டது.

இதன் மகிமை வேகத்தில் மாத்திரம் இல்லை. ஒளியில் நிறங்கள் பல. கண்ணுக்குப் புலப்படாத பகுதியில் எண்பது தொண்ணூறு நிறங்களை ஒரே இழையில் செலுத்தி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு செய்தியை ஏற்றலாம். பழைய பெட்டியானால் நிறத்துக்கு ஒன்றாகத் தொண்ணூறு வேண்டும். எர்பிய இழையோ அத்தனையையும் ஒரே மூச்சில் வலுவாக்கிவிடுகிறது; உள்ளே என்ன செய்தி, எந்த வேகத்தில் வருகிறது என்று கேட்பதே இல்லை. ஆகவே கரையிலுள்ள யந்திரங்களை மாத்திரம் புதுப்பித்து, கடலடியில் கிடக்கும் பழைய கேபிளைக் கொண்டே பன்மடங்கு செய்தியை அனுப்ப முடிகிறது.

இதே வேலையை வேறொரு தத்துவத்தாலும் செய்கிறார்கள். அதன் பெயர் ராமன் முறை. திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் படித்த சி. வி. ராமன், வத்திராயிருப்புக் கிருஷ்ணனின் துணையோடு கல்கத்தாவில் 1928-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி கண்ட ஒளிச்சிதறலே அதற்கு மூலம். சிதறலை வலுவான லேஸரால் தூண்டிவிட்டால், சாதாரண இழையே ஒளியைப் பெருக்கும் யந்திரமாகிவிடுகிறது. அந்தத் தேதியை நாம் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம், மாலை போடுகிறோம், பள்ளிப் பிள்ளைகளைப் பேசச் சொல்கிறோம். உலகச் சந்தையில் ராமன் பெருக்கிகளை விற்கும் பெரிய கம்பெனிகளின் வரிசையில் நம்மவர் பெயரைத் தேடும் வேலையை மட்டும் யாரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

பாதையிலிருந்த சாவடி இவ்வாறு ஒழிந்ததைக் கண்டவுடன், சந்திப்பிலுள்ள சாவடியையும் ஒழித்துவிடலாமென்ற ஆசை பிறந்தது. 1999, 2000 வருஷங்களில் அது பேராசையாக முற்றியது. ஒளியைக் கண்ணாடித் துணுக்குகளால் திருப்பும் யந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்த ஜிராஸ் என்ற சிறு கம்பெனியைக் கனடாவின் நார்டெல் கம்பெனியார் 2000-ம் வருஷத்தில் 325 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கினார்கள். லூஸெண்ட் கம்பெனியாரும் அத்தகைய யந்திரம் ஒன்றை விளம்பரப்படுத்தினார்கள். ஒளியாலேயே ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் மேல்விலாசத்தையும் படித்து வழியனுப்பும் காலம் வந்தேவிட்டது என்று பேசினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் சந்தை சரிந்தது; கோடிக்கணக்கான டாலர் கரைந்தது. நார்டெல் 2009 ஜனவரியில் கோர்ட்டில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்கள் பல என்பது உண்மையே. ஆனால் கனவிலேயே ஒரு குறை இருந்தது. அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

அந்தக் குறை இயற்கையிலேயே உள்ளது. செய்திப் பொட்டலத்தைப் பகுத்து அனுப்ப இரண்டு காரியங்கள் வேண்டும். ஒரு சமிக்ஞை மற்றொரு சமிக்ஞையைத் தொட்டு மாற்ற வேண்டும். வழி அடைபட்டிருக்கும்போது பொட்டலம் காத்திருக்க இடம் வேண்டும். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும்; ஆகையால் அவற்றைக் கொண்டு தீர்மானம் செய்யலாம். ஒளிக்கதிரோ மற்றொரு கதிரைச் சந்தித்தால் கண்டும் காணாததுபோல் கடந்து போய்விடுகிறது. நெடுந்தூரம் பழுதின்றிச் செல்லும் குணம் அதற்கு வாய்த்ததே இதனாலேதான். பகுத்தாராயும் திறன் வாய்க்காததும் இதனாலேதான். ஒரே குணம் ஒரு வேலைக்குப் பலமாகவும் மறு வேலைக்குக் குறையாகவும் நிற்கிறது.

காத்திருக்கும் இடத்தின் சங்கதியோ இன்னும் கடினம். விநாடிக்குப் பதினாயிரம் கோடி பிட் வேகத்தில் வரும் 1,500 பைட் பொட்டலம் ஒன்று இழைக்குள் எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டால் 24 மீட்டர் வருகிறது. ஆகவே ஒரு பொட்டலத்தை நிறுத்திவைக்க 24 மீட்டர் இழைச்சுருள் வேண்டும். நிறுத்துவது என்பதும் பெயருக்குத்தான். சுருளுக்குள் நுழைந்த ஒளி குறித்த கணத்தில் வெளியே வந்தே தீரும். இன்னும் கொஞ்சம் பொறு என்று அதனிடம் சொல்ல வழியில்லை. மின்சார ஞாபகச் சில்லிலோ நகக்கண் அளவில் லக்ஷக்கணக்கான பொட்டலங்கள் அடங்கிக் கிடக்கின்றன. 1999-ல் ஹார்வர்டில் லேனே ஹௌ என்ற அம்மையார் ஒளியை விநாடிக்கு 17 மீட்டராகத் தளரச் செய்தது மகத்தான சாதனை. ஆனால் அதற்கு சோடியம் வாயுவைக் குளிரின் கடைசி எல்லைக்கு மிக அருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதைத் தந்தி ஆபீஸில் கொண்டுவந்து வைக்க இயலாது.

அப்படியானால் ஒளி வெறும் சுமைகூலிதானா? அல்ல. வெற்றி வந்த வழி வேறு. பொட்டலத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கும் வேலையை மின்சாரத்துக்கே விட்டுவிட்டு, கதிரை முழுதாகத் திருப்பும் வேலையை ஒளிக்குக் கொடுத்தவர்கள் ஜயித்தார்கள். தபாலை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிரிக்காமல், மதுரைப் பையை மதுரை வரையில் முத்திரையோடு அனுப்புவதுபோல என்று சொல்லலாம். இன்று பெரிய நகரங்களின் சந்திப்புகளில், ஒரு நிறத்தை இறக்கி மற்றொரு நிறத்தை ஏற்றி மிச்சமுள்ளவற்றைத் தொடாமல் அனுப்பும் ஒளியியல் யந்திரங்கள் சாதாரணமாகிவிட்டன. கூகிள் கம்பெனியார் தங்கள் தரவு மையங்களில், நடுவிலிருந்த மின்சார ஸ்விச்சுகளை எடுத்துவிட்டு, நுண்ணிய கண்ணாடிகள் அசைந்து கதிரைத் திருப்பும் பெட்டிகளை வைத்தார்கள். அவர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்கின்படி அந்த வலையமைப்பின் மின்சாரச் செலவு 41 சதவீதமும், மூலதனச் செலவு 30 சதவீதமும் குறைந்தன. 2023-ல் அவர்கள் விவரித்த கணிப்பு யந்திரம் ஒன்றில் 4,096 சில்லுகளை இத்தகைய 48 பெட்டிகள் இணைக்கின்றன. அவ்வொளியியல் பகுதிக்கு ஆவது மொத்த விலையில் நூற்றுக்கு 5-க்கும், மின்சாரத்தில் நூற்றுக்கு 3-க்கும் குறைவு. இருபது வருஷத்துக்கு முன் கேலிக்கிடமாகிக் கைவிடப்பட்ட அதே கண்ணாடித் தத்துவம்தான் இது. தத்துவம் கெடவில்லை, அதற்குத் தகாத வேலையைக் கொடுத்தது கெட்டது.

மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. சாவடியை ஒழிக்க முடியாவிடில் அதைச் சுருக்கலாமே. இதுவரை ஒளியை மின்சாரமாக்கும் கருவி ஸ்விச்சுப் பெட்டியின் முகப்பில் செருகப்பட்டிருந்தது. அங்கிருந்து உள்ளே சில்லுவரையில் செம்புக் கம்பியில் சில அங்குலம் போவதற்கே பெருத்த மின்சாரம் செலவாயிற்று. வேகம் ஏற ஏறச் செம்பு திணறுகிறது. ஆகவே ஒளிக்கருவியைச் சில்லின் பக்கத்திலேயே, ஒரே கட்டுக்குள், வைத்துவிடுகிறார்கள். ப்ராட்காம் கம்பெனியாரும், 2025 மார்ச்சில் என்விடியா கம்பெனியாரும் இத்தகைய ஸ்விச்சுகளை அறிவித்தார்கள். மின்சாரச் சிக்கனம் மூன்றரை மடங்கு என்று பின்னவர் சொல்லுகிறார்கள். விற்பவர் சொல்லும் கணக்கை விற்பவர் கணக்காகவே கொள்ளவேண்டும். ஆயினும் போகும் திசை சந்தேகமற்றது. சிலிக்கன் சில்லிலேயே ஒளி செல்லும் வாய்க்கால்களை வெட்டும் இந்த வித்தையைக் கற்றவர்களிடமே நாளைய சாவடி இருக்கும்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். கிராமங்களுக்கு இழை கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் மட்டும் 1,39,579 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டு 10-ந் தேதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். அதைச் செய்து போட்டவர்கள் ஜப்பானின் என்.இ.ஸி. கம்பெனியார். இழை நீட்டும் ஆலைகள் நம்மிடம் உண்டு. பள்ளம் தோண்டும் கைகளும் உண்டு. லேஸரும், ஒளியை எழுத்தாக்கும் சில்லும், கதிரைத் திருப்பும் பெட்டியும் என்று கேட்டால் பதில் மெதுவாக வருகிறது. கண்ணாடியை நாம் நீட்ட, சாவடியை அயலார் நடத்த, இரண்டையும் சேர்த்து சுயதேசி என்று பெயரிட்டுக்கொள்வது நமக்குச் சம்மதமில்லை.

"வாங்கினால் மலிவு, செய்தால் நஷ்டம்" என்று சொல்லும் கனவான்களுக்கு ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்துகிறோம். 1984-ல் சி-டாட் என்ற ஸ்தாபனம் தொடங்கியபோதும் இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் மேனாட்டாருடைய பெரிய எக்ஸ்சேஞ்சோடு மல்லுக்கு நிற்கவில்லை. குளிர்சாதனமில்லாத கிராமத்தில், தூசியிலும் வெயிலிலும், வேலை செய்யும் 128 இணைப்புச் சிறு எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். மேனாட்டாருக்கு அந்தத் தேவை இல்லை. ஆகையால் அவர்கள் அதைச் செய்திருக்கவும் மாட்டார்கள். பின்னாளில் ஒரே இழையின் ஒளியை மின்சாரமே இல்லாத சிறு கண்ணாடிப் பிரிப்பானால் பல இணைப்புகளுக்குப் பங்கிடும் முறையையும் அதே ஸ்தாபனம் கைக்கொண்டு, கிராம வலையமைப்புக்குக் கொடுத்தது. கரண்ட் போனாலும் பிரிப்பானுக்குக் கவலையில்லை. ஒளியைக் கொண்டு ஒளியை ஆளும் வித்தை நம் ஊர்க் கம்பத்தில் தொங்குகிறது. நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இப்பொழுதும் வழி அடைபடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய சர்க்காரின் உதவியோடு சிலிக்கன் ஒளியியல் மையம் ஒன்று நடக்கிறது. அங்கே சில்லுகளை வரையத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். வரைந்ததை வார்க்கப் பெரிய ஆலை இங்கே இல்லாததால் மலேஷிய ஆலை ஒன்றோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்க்கு அனுமதியான செமிகண்டக்டர் திட்டத்தில் சிலிக்கன் ஒளியியல் ஆலைக்கென்றே, பெயர் சொல்லி, ஒரு பிரிவு இருக்கிறது. மூலதனத்தில் பாதியைச் சர்க்காரே தருவதாக 2022-ல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 2024 பிப்ரவரியில் ஒரே நாளில் அனுமதி பெற்ற மூன்று ஆலைகளில் ஒன்றேனும் ஒளியியல் சில்லுக்காக எழுந்ததன்று. தலைப்பில் பெயர் இருந்து தீர்ப்பில் பரிகாரம் இல்லாத வழக்கு எப்படியோ அப்படியே இது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. 2017-ம் வருஷத்துக் கொள்முதல் உத்தரவின் பொது விதிப்படி, பொருளின் மதிப்பில் பாதி உள்நாட்டில் சேர்ந்திருந்தால் விற்பவர் முதல் வகுப்பினராகிறார். மதிப்பின் வீதத்தை அளக்கும் விதி, அங்கம் இன்னதென்று அளப்பதில்லை. இரும்புப் பெட்டியும் ஒளிச்சில்லும் அதற்கு ஒன்றே. பாரத்நெட்டுக்கும் நம் மாகாணத்தின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்குப் போகும் இழைக்கும் இனிமேல் யந்திரம் வாங்க விடப்படும் ஒவ்வொரு டெண்டரிலும் மூன்று கேள்விகள் தனியாகக் கேட்கப்படட்டும். லேஸர் எங்கே செய்யப்பட்டது? ஒளியை ஏற்றி இறக்கும் சில்லை வரைந்தவர் யார்? வார்த்தவர் யார்? இந்தப் பதில்களுக்குத் தனி மதிப்பெண் வைத்து, முதல் வருஷம் மொத்தக் கொள்முதலில் நூற்றுக்கு ஐந்தை மட்டும் இங்கே வரைந்த சில்லுகளுக்கு ஒதுக்கினால் போதும். அந்த ஐந்து பங்குக்கு நிச்சயமான கிராக்கி இருக்கிறதென்று தெரிந்தால், ஆலை போடத் தயங்கி நிற்கும் முதலாளிகள் கணக்குப் புஸ்தகத்தைத் திறப்பார்கள். டெண்டர் நிபந்தனைகளை எழுதும் அதிகாரிகள் அடுத்த நகலைத் தயாரிக்கும்போது இந்த மூன்று வரிகளைச் சேர்க்கிறார்களா என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.